கோழியின் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கு: மூன்று கோழிக்கும் ஒரே நோயா?

இஸ்தோப்புக்கோழி (பொகவந்தலாவைப் பக்கம்)

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், கோழி இல்லாத வீடு கிடையாது. ஆனால் கோழிக்குக் காலில் நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் வாசலுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. எல்லாம் ஊர்க்கோழி. அவற்றில் கறுப்பி என்று ஒருத்தி, மூன்று வயதானவள். நான்கு தடவை அடைகாத்து, ஒரு குஞ்சைக்கூட மிதித்துக் கொல்லாதவள். ஐந்து நாளாக இடது காலை ஊன்ற மாட்டேன் என்கிறாள். கூட்டைத் திறந்தால் முதலில் பாய்ந்து வருகிறவள் இப்போது எல்லோரும் தின்று முடித்த பிறகு வருகிறாள். வந்தாலும் விறகு அடுக்கின் ஓரமாக ஒற்றைக் காலில் நின்றுவிடுகிறாள். முட்டையும் நின்றுவிட்டது.

மிலாறு, அதாவது கவ்வாத்து செய்யும்போது வெட்டிப் போடுகிற தேயிலைக் குச்சி, குத்தியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சென்ற மாதம் கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது இன்னும் வாசலில் கிடக்கிறது. வெட்டிய முனை ஊசி போல இருக்கும். நேற்று அவளை மடியில் மல்லாத்திப் பார்த்தேன். உள்ளங்காலின் நடுத் திண்டில் கடலைப்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வெடைக்கோழிக்கு வலது காலின் நடுவிரல் மட்டும் வீங்கி ஊதா நிறமாகியிருக்கிறது. அதற்குப் பொருக்கு இல்லை. கிழட்டுச் சேவலுக்கோ இரண்டு காலிலும் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த மரப்பட்டை போல இருக்கிறது. மூன்றும் ஒரே நோயா? மற்றக் கோழிகளுக்கும் தொற்றுமா? பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கலாமா?

மாமியார் சட்டியை எடுத்து வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார். பெரியப்பா கம்பியைக் காய்ச்சிச் சூடு வைக்கச் சொல்கிறார். நான் வெந்நீரில் கழுவியதோடு நிறுத்தியிருக்கிறேன்.

கூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குறை அங்கே இருக்காது என்றாலும். மாசி மாதத்தில் ஒரே இரவில் மரநாய் மூன்று கோழிகளைக் கொண்டுபோனது. அதன் பிறகு என் வீட்டுக்காரர் கூட்டுக்குச் சீமெந்துத் தரை போட்டார். கோழிகள் ஏறிப் படுக்க ஐந்தடி உயரத்தில் மரச்சட்டம் அடித்தார். நான் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன். பக்கத்து லீக்ஸ் பாத்திக்குள் பறந்து சண்டை வராமலிருக்க ஒரு பக்க இறக்கையையும் கத்தரித்திருக்கிறேன். இந்த லயத்திலேயே சுத்தமான கூடு எங்களுடையதுதான்.


தகரக்கூரை (மஸ்கெலியா)

எங்கள் வீட்டில் நொண்டிய கோழி எதுவும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டியதில்லை. உங்கள் மாமியார் அனுபவசாலி.


பழைய மருந்துக்காரன் (கந்தப்பளை)

மகள், மேலே இருக்கிற தம்பி சொன்னதை விட்டுவிடுங்கள். கறுப்பியைக் காப்பாற்றலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடுத் திண்டு, கறுப்புப் பொருக்கு, சூடு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது உள்ளங்கால் சீழ்க்கட்டி. கால் ஆணி என்று நாங்கள் சொல்வோம். புத்தகங்களில் பம்பிள்ஃபுட் என்று இருக்கும். ஆணி என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது. வெளியே தெரிகிற பொருக்கு வெறும் தலை. தண்டு சதைக்குள் இறங்கியிருக்கும்.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் 27 வருடம் மருந்து கலக்கியவன். மனிதப் புண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருந்தது. கோழிப் புண்ணும் அப்படித்தானே என்ற திமிரில் ஒரு நல்ல கோழியைக் கொன்றேன். சவர பிளேடால் பொருக்கைக் கீறி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தினேன். சீழ் வடியும் என்று பார்த்தால் இரத்தம்தான் வந்தது. விடாமல் அழுத்தினேன். மூன்றாம் நாள் வீக்கம் கணுவுக்கு மேலே ஏறியது. ஐந்தாம் நாள் காலையில் கூட்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது.

பிறகு ஒரு மிருக வைத்தியர் எனக்கு விளக்கினார். நம் உடம்பில் சீழை இளக்கி நீராக்குகிற பொருட்கள் வெள்ளை அணுக்களில் இருக்கின்றன. பறவையின் அணுக்களில் அவை போதாது. அதனால் கோழியின் சீழ் வடியாமல் இறுகிப்போகும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவை விரலால் நசுக்கிப் பாருங்கள், அந்தப் பதம்தான். அழுத்தினால் அது வெளியே வராது, பக்கத்துச் சதைக்குள்தான் நகரும். அதோடு கிருமியும் போகும். ஆகவே அழுத்தாதீர்கள், கீறாதீர்கள்.

சுண்ணாம்புப் பற்றைப் பற்றி: முழுத் தோலில் வீக்கத்துக்குப் போடுகிற வைத்தியத்தைப் பிளந்த தோலில் போட்டால் சுண்ணாம்பு சதையைத் தின்னும். கம்பிச் சூடு வேண்டவே வேண்டாம். ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண் எதற்கு?

இப்போது செய்ய வேண்டியது. மாலையில், கோழி அடங்குகிற நேரத்தில் பிடியுங்கள், அப்போதுதான் துடிக்காது. பழைய துவாயில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையையும் லேசாக மூடிவிட்டால் அமைதியாகிவிடும். முதலில் இரண்டு காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எச்சமும் களிமண்ணும் காய்ந்து ஒட்டிக்கொண்டு பொருக்கு மாதிரியே ஏமாற்றும். கழுவிய பிறகும் கறுப்பு இருந்தால்தான் அது பொருக்கு. நோயுள்ள காலை மட்டும் பார்க்காதீர்கள், நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம் திண்டோடு நிற்கிறதா, விரல்களுக்கு நடுவில் புடைத்து மேல்பக்கத்துக்கும் வந்துவிட்டதா என்பதுதான் முக்கியம்.

பாமசியில் பேதி உப்பு வாங்குங்கள். எப்சம் உப்பு என்று கேட்டாலும் அதுதான். முழங்கையை வைத்துப் பார்த்துத் தாங்குகிற சூட்டில் ஒரு லீட்டர் தண்ணீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, காலை 15 நிமிடம் அதில் ஊற வையுங்கள். பெயரே பேதி உப்பு. கோழி அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விரலிடுக்கெல்லாம் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மற்றதெல்லாம் வீண். பொவிடோன் அயோடினைப் பிளேன்டீ (பால் இல்லாத தேநீர்) நிறம் வருமளவுக்குத் தண்ணீரில் கலந்து திண்டைக் கழுவுங்கள். காய்ந்ததும் காஸ் துணியை மடித்துத் திண்டின் மேல் வைத்து, பண்டேஜை விரல்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுவந்து கணுவில் முடியுங்கள். இறுக்கிவிட்டால் இரத்தம் ஓடாது. ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள்; குளிர்ந்திருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். மழையில் நனைந்த கட்டு, கட்டாத காலைவிட மோசம்.

பொருக்கு தானாக இளகிக் கழன்றால் கழலட்டும். மூன்று நான்கு நாளில் வீக்கம் குறையாவிட்டால், அல்லது சூடு மேலே ஏறினால், தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தப் புண்ணில் இருப்பது ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி. மனிதருடைய மூக்கிலும் தோலிலும்கூட அது குடியிருக்கும். கொழுந்து கிள்ளுகிற விரலில் வெடிப்பு இல்லாமலிருக்காது. அந்த வெடிப்புக்குள் போனால் உங்களுக்கும் சீழ்தான்.

வெடைக்கோழியின் விரலும் இதன் தொடக்கமாகத்தான் இருக்கும். அதையும் இப்படியே ஊற வையுங்கள். சேவலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.


கொட்டில்தாதி (பேராதனை)

அக்கா, நான் மிருக வைத்தியத்துறையில் வேலை செய்கிறேன். ஐயா எழுதியதில் முக்கால்வாசியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கோழியின் சீழ் பற்றி நாங்கள் வகுப்பில் படித்ததை அவர் மஞ்சட்கருவை வைத்து இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் வெடைக்கோழி விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஒரே ஒரு விரல், பொருக்கு இல்லை, ஊதா நிறம். இதைப் படித்ததும் எனக்கு நூல் ஞாபகம்தான் வந்தது. தலைமுடியோ சாக்கு நூலோ நைலோன் இழையோ விரலின் அடியில் சுற்றிக்கொண்டால், கோழி நடக்க நடக்க அது இறுகிச் சதைக்குள் புதைந்துவிடும். மேலே வீங்கிய தோல் மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில், விரல் தொடங்குகிற இடத்தைச் சுற்றி ஒரு பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். நூல் இருந்து, நீங்கள் ஒரு வாரம் வெந்நீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தால் விரல் செத்துவிடும்.

சேவலுக்கு இருப்பது செதில் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. செதிலுக்கு அடியில் குடைந்து, அங்கேயே பெருகிக் குடும்பம் நடத்தும். அதன் கழிவும் தோல் துகளும் சேர்ந்துதான் செதிலைத் தூக்குகின்றன. உங்கள் மூன்றில் ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்கு நேரே பரவுவது இது ஒன்றுதான். அதுவும் ஒரே சட்டத்தில் ஒட்டிப் படுக்கும்போது மெதுவாக. வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, துடைத்து, வாசிலினைத் தடிப்பாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெயும் உதவும், ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். பூச்சிக்குக் காற்றுப் போகாமல் அடைப்பதுதான் வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, குறைந்தது நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். தூக்கிய செதிலைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும். மண்ணெண்ணெய் பூசச் சொல்ல ஒருவராவது வருவார். தோல் வெந்துவிடும், விட்டுவிடுங்கள். கோழிகள் படுக்கும் சட்டத்தையும் சுரண்டிக் கழுவிக் காய வையுங்கள்.

கறுப்பியிடம் வருகிறேன். கால் ஆணி அம்மைபோலப் பரவுகிற நோய் இல்லை. ஆனால் கறுப்பியின் காலைக் கிழித்த அதே இடத்தில்தான் மற்ற ஒன்பதும் நடக்கின்றன. பத்துக் கோழியின் இருபது காலையும் திருப்பிப் பாருங்கள். பளபளப்பாகச் சிவந்த திண்டு தெரிந்தால் அது இன்னும் பொருக்கு வராத கட்டம். இப்போதே கவனித்தால் அடங்கிவிடும்.

உள்ளே கட்டி இறுகியிருந்தால் ஊற வைப்பது மட்டும் போதாது, அதை அறுத்து எடுக்க வேண்டும். அதை வீட்டில் செய்ய வேண்டாம். இணையத்தில் சமையலறை மேசையில் வைத்து அறுக்கிற காணொளிகள் நிறைய இருக்கின்றன. திண்டுக்குச் சற்று உள்ளேதான் தசைநாரும் எலும்பும் இருக்கின்றன. கிருமி அங்கே இறங்கினால் பிறகு கால் நேராகாது. வலி தெரியாமல் விறைக்க ஊசி போடாமல் அறுப்பது கோழிக்குச் சித்திரவதை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கிருமிக்குப் பல மருந்துகள் பலிப்பதில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கினால் முட்டையிலும் இறைச்சியிலும் அது தங்கும். அவர் சொல்கிற நாள் முடியும்வரை முட்டை வேண்டாம். மருந்து தொடங்காதவரை, விரிசல் இல்லாத முட்டையை நன்றாக அவித்துக் கொடுக்கலாம். புண்ணைத் தொட்ட கையோடு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

தகரக்கூரை அண்ணாவுக்கு: கால் ஆணி முற்றிய கோழியின் இரத்தத்திலும் கிருமி இருக்கலாம். அறுக்கும்போது அது கையிலும் பலகையிலும் மற்ற உணவிலும் ஒட்டும். ஸ்டஃபிலோகொக்கஸ் உணவில் விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. ஞாயிற்றுக்கிழமை வாந்திக்கு அனுபவசாலி மாமியாரிடமும் மருந்து இருக்காது.

கடைசியாக ஒன்று. எல்லா நொண்டலும் உள்ளங்காலில் தொடங்குவதில்லை. இளங்கோழி ஒரு காலை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தால் மாரெக் என்ற வைரஸ் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். பல கோழிகளுக்கு ஒரே நேரத்தில் கணுவும் உள்ளங்காலும் வீங்கினால், சிலது தும்மவும் செய்தால், அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருக்கலாம். இரண்டுக்கும் பேதி உப்பு பயன்படாது.


பழைய மருந்துக்காரன் (கந்தப்பளை)

நூலை நான் யோசிக்கவில்லை. பிள்ளை சொல்வதுதான் சரி. மகள், முதலில் வெடைக்கோழியைப் பிடியுங்கள்.


உமிமூட்டை (பண்டாரவளை)

எல்லோரும் காலைப் பார்க்கிறீர்கள், கூட்டை யாரும் பார்க்கவில்லை. "குறை அங்கே இருக்காது" என்று சகோதரி எழுதியிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், குறை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஐந்தடியிலிருந்து சீமெந்தில் குதிக்கிற கோழியை ஒரு நாள் காலையில் பக்கத்தில் நின்று பாருங்கள். இறக்கை இருந்தால் அடித்து மெதுவாக இறங்கும். நீங்கள் ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டீர்கள். உடம்பின் பாரம் முழுவதும் இரண்டு திண்டில், பெரும்பாலும் ஒரு திண்டில், தினமும் ஒரு முறை மோதுகிறது. மாசியிலிருந்து இன்றைக்கு எத்தனை காலை ஆயிற்று? மிலாறு குத்தவே தேவையில்லை. தோல் கன்றி, உள்ளே நைந்து, நுண்ணிய வெடிப்பு விடும். அதன் மேல் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்கள். உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை மழை விடாது. கழுவிய சீமெந்து எப்போது காய்கிறது? நீரில் ஊறிய தோல் எவ்வளவு இளகும் என்பது மழையில் கொழுந்து எடுக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் விரலையே பாருங்கள். எச்சத்தைக் கழுவுவதாக நினைத்து அதைக் கரைத்துத் தரை முழுவதும் பூசுகிறீர்கள்.

எங்களுக்கு ஆனி ஆடியில் காற்றும் வறட்சியும்தான், நனைவது ஐப்பசிக்குப் பிறகு. அந்த மூன்று நான்கு மாதத்தில் நானும் இதே பாடத்தைப் படித்தேன். நான்கு கோழிக்குக் கால் ஆணி. ஒன்று பிழைக்கவில்லை.

நான் செய்தது இது. சீமெந்தை உடைக்கவில்லை, மரநாயும் எலியும் தோண்டி வராமல் அது தடுக்கிறது, இருக்கட்டும். அதன் மேல் நான்கு அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்பினேன். மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் கேட்டால் சாக்கில் அள்ளித் தருவார்கள். தூளாக இருப்பது வேண்டாம், புழுதி கிளம்பும். சுருள் சுருளாக இருப்பதைக் கேளுங்கள். கழுவுவதை அடியோடு நிறுத்தினேன். வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடியை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம். அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். குனிந்தால் கண் எரிகிறது என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அள்ளியதைப் பாத்திக்குப் போடுங்கள், லீக்ஸ்காரரோடு சமாதானமாகவும் போகலாம்.

படுக்கும் சட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கினேன். அறுத்த சட்டத்தின் கூர் விளிம்புதான் திண்டை அறுக்கும். இரண்டு அங்குலக் கனமுள்ள சவுக்குக் கிளையைப் பட்டை சீவி, சிலும்பு இல்லாமல் தேய்த்துப் போடுங்கள். மரநாய்க்குப் பயந்துதான் உயரத்தில் வைத்தீர்கள், புரிகிறது. ஆனால் மரநாய் மரமேறி. அதற்கு ஐந்தடி ஒரு பொருட்டா? அதைத் தடுப்பது உயரமில்லை, ஓட்டையில்லாத கூடு. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். கதவுக்கு இரண்டு கொக்கி போடுங்கள்.

தீனி என்ன? வெறும் சோறும் குருணையும் என்றால் அதுவும் ஒரு காரணம். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் திண்டின் தோல் வறண்டு வெடிக்கும். கந்தப்பளை ஐயாவின் ஊரில் லொறியில் ஏற்றாமல் ஒதுக்குகிற கரட்டும் கீரைத் தண்டும் கும்பலாகக் கிடக்கும். உங்கள் பக்கத்திலும் கிடைக்காமலிராது. துருவிப் போடுங்கள்.


இஸ்தோப்புக்கோழி (பொகவந்தலாவைப் பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. உமிமூட்டை அண்ணா எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சீமெந்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூசியவர் அவர். எனக்கும் மனம் நொந்துதான் போயிற்று. காலையில் நடுங்குகிற குளிரில் தண்ணீர் தூக்கி ஊற்றியது நான்தானே.

முதலில் வெடைக்கோழி. நூல்தான்! மகனின் கைப்பேசி வெளிச்சத்தில் விரலின் அடியைத் தடவியபோது ஒன்றும் தெரியவில்லை. ஊற வைத்துத் தோல் கொஞ்சம் இளகிய பிறகு மெல்லிய பள்ளம் தெரிந்தது, அதற்குள் பச்சை நிறத்தில் ஓர் இழை. மரக்கறிப் பாத்திக்குக் கட்டுகிற நைலோன் வலையின் பிரி. மூன்று சுற்று சுற்றியிருந்தது. நகவெட்டியின் நுனியை நுழைத்து ஒவ்வொரு சுற்றாக அறுத்து, ஊசியால் இழுத்து எடுத்தேன். முழுவதையும் எடுத்துவிட்டேனா என்று அரை மணி நேரம் தேடினேன். மறுநாளே ஊதா நிறம் குறைந்தது. நுனி மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது, அது விழுந்துவிடும் போலிருக்கிறது.

இருபது காலையும் பார்த்தேன். இன்னும் இரண்டு கோழிகளுக்குத் திண்டு சிவந்து பளபளவென்றிருக்கிறது. நான் கவனித்ததே இல்லை. ஒன்பதில் மூன்று.

கறுப்பியை நான்கு நாள் காலையும் மாலையும் ஊற வைத்தேன். பொருக்கு ஓரத்தில் இளகியது. ஆனால் வீக்கம் குறையவில்லை, விரலிடுக்கில் மேல்பக்கமாகவும் புடைக்கத் தொடங்கியது. நாளைக்கு வேலைக்குப் போகாமல் அவளை டவுனுக்குக் கொண்டுபோகப் போகிறேன். ஒரு கோழிக்காக ஒரு நாள் பேர் போடாமல் கூலியை இழப்பதா என்று மாமியார் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.


கொட்டில்தாதி (பேராதனை)

நீங்கள் நாளைக்கே போவதுதான் சரி அக்கா. பெட்டியின் அடியில் கடதாசி வேண்டாம், வழுக்கும்; சீவலோ பழைய சாக்கோ போடுங்கள். இரண்டு பக்கமும் காற்றுக்குத் துளை போடுங்கள். எந்த நாளில் நொண்டத் தொடங்கினாள், என்ன மருந்து போட்டீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை பாதி.


இஸ்தோப்புக்கோழி (பொகவந்தலாவைப் பக்கம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பிஸ்கட் பெட்டியில் வைத்து முதல் பஸ்ஸில் கொண்டுபோனேன். பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கறுப்பியின் கதை தெரிந்துவிட்டது. மிருக வைத்தியர் விறைக்க ஊசி போட்டு, பொருக்கைச் சுற்றி அறுத்து, உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினார். மருந்துக்கார ஐயா சொன்ன அதே மஞ்சட்கருதான், ஒரு பெரிய மொச்சைக்கொட்டை அளவு. எலும்புக்குப் போகவில்லை என்றார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் போயிருக்குமாம். கழுவிக் கட்டுப் போட்டு, ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தார். கட்டைத் தினமும் மாற்றினேன். இரண்டு வாரம் வீட்டுக்குள் அடுப்படி மூலையில் வைத்திருந்தேன். குழி மெல்ல மெல்ல மேலேறி மூடியது. இப்போது இளஞ்சிவப்புத் தோல் வந்துவிட்டது. கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் இரண்டு காலிலும் நடக்கிறாள்.

சிவந்த திண்டுக்காரிகள் இருவருக்கும் ஊற வைத்ததும் சீவல் மெத்தையுமே போதுமாயிற்று. வெடைக்கோழியின் விரல் நுனி ஒரு நாள் காணாமல் போயிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. சேவல் வாசிலினோடு பளபளவென்று திரிகிறான். பழைய செதில் உதிர்ந்து அடியில் புதுச் செதில் தெரிகிறது, இன்னும் இரண்டு வாரம் பூச வேண்டும்.

மூன்றாம் நாளே வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மரக்காலைக்குப் போய் நான்கு சாக்குச் சீவல் கொண்டுவந்தார். சட்டத்தைக் கழற்றிச் சவுக்குக் கிளையை ஒன்றரை அடியில் போட்டார், வலையும் அடித்தார். ஆனால் கோழிகளுக்குப் புதுக் கிளை பிடிக்கவில்லை. முதல் வாரம் முழுவதும் இருட்டியதும் பழைய சட்டம் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிளையில் வைத்தோம். இப்போது பழகிவிட்டன.

நேற்றுக் காலையில் கறுப்பி முட்டையிட்டாள். மருந்துக்குப் பிறகு வைத்தியர் சொன்ன கணக்கில் இன்னும் இரண்டு நாள் மீதி இருக்கிறது. முட்டையைக் கொண்டுபோய்ப் பாத்தியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஜன்னலில் நின்று பார்த்த மாமியார் அதிலிருந்து என்னோடு பேசவில்லை.